பக்கத்துக் கடைப் பற்றீஸ்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார உணவுப் பக்கத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடக்கூடிய கடைகள் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டிருந்தீர்கள். கொத்துரொட்டிக் கடை, தோசைக் கடை, சீன உணவகம், ஒரு இத்தாலியக் கடைகூட இருந்தது. ஜமெய்க்கா போன்ற கரீபியன் தீவுக்காரரின் கடை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மட்டும் மூன்று இருக்கின்றன. உங்கள் மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் நிறையப் பேர் அந்தக் கடைகளின் கதவைத் திறந்ததே இல்லை என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

நான் திறந்தது பசியால். தொண்ணூறுகளில் இரவு வேலை முடித்து வோர்டன் சப்வே நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்பேன். அங்கே ஒரு சின்னக் கடையில் மஞ்சள் நிறத்தில் சூடாகப் பற்றீஸ் விற்பார்கள். பெயரைக் கேட்டதும் ஊரில் தேநீரோடு கடிக்கிற எங்கள் பற்றீஸ்தான் என்று நினைத்து வாங்கினேன். எங்களுடையது எண்ணெயில் பொரித்தது, உள்ளே உருளைக்கிழங்கும் மீனும். இது வெதுப்பியது, கையளவு பெரியது, கடித்தால் மேல் மாவு பொருபொருவென்று கோட்டெல்லாம் கொட்டும். உள்ளே உறைப்பான இறைச்சி. அந்தக் குளிரில் அதைக் கையில் பிடித்திருந்ததே ஒரு சுகம்.

இந்தப் பற்றீஸின் பெயருக்காக இதே நகரத்தில் ஒரு சண்டை நடந்தது. 1985இல் மத்திய அரசின் உணவுப் பரிசோதகர்கள் கடைகளுக்கு வந்து, ‘பீஃப் பற்றி’ என்று இதை விற்கக் கூடாது என்றார்கள். சட்டப்படி அது ஹம்பேர்கருக்குள் வைக்கும் இறைச்சி வட்டத்தின் பெயராம், மாவால் மூடியதற்கு அது பொருந்தாதாம். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைகளும் எழுதின. கடைசியில் ‘ஜமெய்க்கன் பற்றி’ என்று விற்கலாம் என்று முடிந்தது. இப்போது ரொறன்ரோவில் பெப்ரவரி 23ஆம் திகதி அதற்கென்றே ஒரு நாள். தங்கள் சாப்பாட்டின் பெயரை யாரோ மாற்ற வந்தபோது நின்று வாதாடிய ஆட்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு.

அப்புறம் எங்கள் பிளாசாவில் இருக்கும் பேக்கரிக்குப் போகத் தொடங்கினேன். நாலு மேசைதான். ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கோக்கோ பிரெட், ஹார்ட் டோ பாண், தேங்காய்ப்பூ வைத்த கிசாடா. மற்றப் பக்கம் சூட்டுத் தட்டுகளில் கறிகள். கோக்கோ பிரெட்டில் கோக்கோ கிடையாது. பட்டர் பூசி மடித்து வெதுப்பிய மெத்தென்ற பாண் அது. அதைப் பிரித்து நடுவில் பற்றீஸை வைத்துத் தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடே அதுதான். ஈஸ்டர் நேரத்தில் வாசனைச் சரக்குப் போட்ட கறுப்பு பன்னும் சீஸும் வரும். அந்த வாரம் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். கவுன்டரில் நிற்கும் அம்மா எல்லாரையும் ‘டார்லிங்’ என்றுதான் கூப்பிடுவார். சின்னதா பெரிசா என்று கேட்டு, சோற்றின் மேல் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிடுவார்.

என் அம்மா ஊரிலிருந்து வந்து நின்றபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கலலூ என்று ஒரு கீரை வைத்தார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “இது எங்கட தண்டுக்கீரையெல்லோ” என்றார். உண்மைதான், ஜமெய்க்காவில் கலலூ என்பது அந்தக் கீரை இனம்தான். கங்கோ பீஸ் என்று தேங்காய்ப்பாலில் சோற்றோடு அவிப்பது எங்கள் துவரை. பொரித்து வைத்திருந்த பிரெட்புரூட் எங்கள் ஈரப்பலாக்காய். அடிமைகளுக்கு மலிவாகச் சாப்பாடு போட வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்டன் பிளை 1793இல் பசிபிக் தீவான தஹிட்டியிலிருந்து கப்பலில் கொண்டுபோய் அங்கே நட்ட மரம் அது. ஆட்டிறைச்சிக் கறியின் கதை இன்னும் கிட்டத்து. 1845இல் முதல் கப்பலில் தொடங்கி, 1917இல் ஆள் சேர்ப்பது நிற்கும்வரை 36,000க்கு மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஜமெய்க்காவுக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் வட இந்தியர்கள். அவர்கள் கொண்டுபோன கறி இன்றைக்கு அங்கே கலியாண வீட்டுச் சாப்பாடு. எங்கள் வறுத்த கறித்தூள் வாசம் அதில் இருக்காது. மஞ்சள் தூக்கலாக, தைம் இலையும் ஸ்கொட்ச் பொனட் மிளகாயும் போட்டிருப்பார்கள். கராம்பும் கறுவாவும் சாதிக்காயும் ஒன்றாய் மணக்கிற பிமென்டோ என்று ஒரு காய்ந்த காயும் சேரும். அம்மா எலும்பைக்கூட விடவில்லை.

ஜமெய்க்காவின் தேசிய உணவான, அக்கீ என்ற பழமும் உப்பு மீனும் எனக்குக் கொஞ்சம் தொண்டையை அடைக்கும். ருசி நல்ல ருசி. அந்த மீனின் கதைதான் அப்படி. நியூஃபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் கருவாடாக்கிய மீனில் தரம் குறைந்ததை அடிமைகளுக்கென்று கரீபியனுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு ரம்மும் சர்க்கரைப் பாகும் கனடா பக்கம் வாங்கியிருக்கிறார்கள். அந்த மீனை இப்படி ஒரு சாப்பாடாக ஆக்கியவர்கள் அந்த மக்கள்.

சரி, இவ்வளவு கிட்டத்து ருசி இருந்தும் எங்கள் ஆட்கள் ஏன் போவதில்லை? நான் நாலைந்து பேரைக் கேட்டிருக்கிறேன். “மாட்டிறைச்சி” என்பார்கள். கோழிப் பற்றீஸ் இருக்கிறது, மரக்கறிப் பற்றீஸ் இருக்கிறது. ஜமெய்க்காவில் தோன்றிய ரஸ்தபாரி சமயத்துக்காரரின் இட்டல் என்ற சமையலில் இறைச்சியே கிடையாது. இதைச் சொன்ன பிறகும் போகமாட்டார்கள். அது ‘அவையளின்’ கடை என்பார்கள். கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்கும் இன்னொரு சொல்லும் அப்போது வரும். அதை நான் இங்கே எழுதமாட்டேன். என் பிள்ளைகள் முன்னால் யாரும் சொன்னாலும் நிறுத்தச் சொல்வேன். எங்களை ஊரில் என்னவெல்லாம் சொன்னார்கள், அதனால் என்ன நடந்தது என்று தெரிந்த நாங்கள் எப்படி அதை வாயில் வைக்கிறோம்?

கரீபியன் ஆட்கள் இங்கே எங்களுக்கு முன் வந்தவர்கள். 1955இல் தொடங்கிய திட்டத்தில் ஜமெய்க்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் இளம் பெண்கள் இங்கே வீட்டு வேலைக்கு வந்தார்கள். தாதியாகவும் ஆசிரியராகவும் இருந்த சிலரும் அப்படித்தான் வந்து பிறர் வீட்டில் நிலம் துடைத்தார்கள். ஊரில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கியபோது இந்த நகரம் வேற்று நிறத்து முகங்களைக் கொஞ்சமாவது பார்த்துப் பழகியிருந்தது என்றால் அதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது அந்தக் கடைகள் குறைந்துகொண்டு வருகின்றன. எக்ளிண்டன் மேற்கு வீதியில் லிட்டில் ஜமெய்க்கா என்ற பகுதி இருக்கிறது. 2011இல் எக்ளிண்டன் ரயில் பாதை வேலை தொடங்கியது, பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. வேலியும் குழியும் மறித்த கடைகளுக்கு ஆட்கள் வரவில்லை, நிறையக் கடைகள் மூடிவிட்டன. எங்கள் பிளாசா வாசலிலும் இந்த வசந்தத்தில் உயரமான கட்டடம் கட்டப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். அதே பிளாசாவில் ஒரு தமிழ் மளிகைக் கடையும் சேலைக் கடையும் இருக்கின்றன. பொதுக் கூட்டம் வைத்தபோது எங்கள் கடைக்காரர் ஒரு மூலையிலும் பேக்கரி அம்மா இன்னொரு மூலையிலும் இருந்தார்கள். சேர்ந்து ஒரு மனுக்கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த உணவுப் பக்கத்தை இந்தக் கடைகளுக்குக் கொடுங்கள். யாரையாவது அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமை அனுப்புங்கள், நானும் கூட வருகிறேன். ஒக்ஸ்டெயில் என்ற மாட்டுவால் கறி வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் தட்டில் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஸ்காபரோ