மஸ்டாங் பார்த்த கதை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சின்னவனுக்கு வேலை கிடைத்த சேதியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அதை முதலில் எழுத வேண்டாமா?

போர் விமானத்தைத் தனி ஆள் வாங்கி ஓட்டுகிறான் என்றால் நீ நம்பவில்லை. நிஜம்தானப்பா. இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்றொரு ஊர். ஜூலைக் கடைசியில் அங்கே பெரிய விமானத் திருவிழா நடக்கும். இந்த வருடமும் போயிருந்தேன். புல்தரையில் மஸ்டாங் என்ற பழைய அமெரிக்கப் போர் விமானங்கள் வரிசையாக நின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்து வேண்டாமென்று கழித்துவிட்டபோது சில ஆயிரம் டாலருக்குப் போன விமானம், இன்று இருபது லட்சம் டாலருக்கும் மேலே. ஸ்டீயர்மேன் என்ற பயிற்சி விமானத்தின் கதை இன்னும் வேடிக்கை. இறக்கை மரம், மேலே துணி. போருக்குப் பிறகு அதை வாங்கி வயலுக்கு மருந்து தெளித்திருக்கிறார்கள்.

ஒரு மஸ்டாங்கின் சொந்தக்காரரோடு பேச முடிந்தது. வாங்குவதற்குப் பணம் போதும், பறக்க வைப்பதுதான் பாடு என்றார். பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சின் மணிக்கு இருநூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். உதிரிபாகம் எளிதில் கிடைக்காது; தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டும். உன் லேத் பட்டறை இங்கே இருந்தால் நீ கோடீஸ்வரன். தரையில் ஓட்டும்போது மூக்கு மறைப்பதால் எதிரே ஒன்றும் தெரியாது, பாம்பு போல வளைந்து வளைந்துதான் ஓட்டுகிறார்கள். மெதுவாகப் போகும்போது திடீரென்று முழு வேகம் கொடுத்தால் எஞ்சினின் முறுக்கு விமானத்தையே புரட்டிவிடுமாம். காசு இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்துவிட முடியாது.

ஜெட்டும் வாங்கலாம். செக் நாட்டு எல்-39 இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. ஓட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இதில்தான் எனக்கு உறுத்தல். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தில், ஷோரம் விமானக் காட்சியில், பழைய ஹண்டர் ஜெட் ஒன்று குட்டிக்கரணம் அடிக்கப் போய் நெடுஞ்சாலையில் விழுந்தது. கீழே இருந்தவர்கள் பதினொரு பேர் செத்தார்கள். விமானி பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த நாட்டில் பழைய ஜெட்டுகள் நிலப்பகுதிக்கு மேலே சாகசம் செய்யக் கூடாது, நேராகப் பறந்து காட்டினால் போதும் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். நியாயம்தான். தன் உயிரை வைத்து விளையாடுவது அவரவர் இஷ்டம், ரோட்டில் போனவன் என்ன பாவம் செய்தான்? அதற்காக எல்லாவற்றையும் மியூசியத்தில் பூட்டி வை என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அந்த மெர்லின் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் நீயும் என் கட்சிக்கு வந்துவிடுவாய்.

சரி, ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். எஞ்சினைப் பக்கத்தில் போய் எடுத்த படங்கள் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். பட்டறையில் வைத்துப் பேசலாம். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்