97 காட்டிய இரவுக்கு ஒரு நன்றி

அப்பாவின் மூச்சைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

வணக்கம். அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி ஏழு வருடம் ஆகிறது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் மட்டும் மூன்று முறை ஆம்புலன்ஸ் ஏறினோம். போன வருடம் ஒரு முறைகூட இல்லை. "என்ன மெஷின் வாங்கினீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் உங்களைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை என்பதால் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

முதல் நன்றி, அப்பாவின் எண்களைக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பும் சாமான்களை வீட்டில் பொருத்த வந்த தம்பிக்கு. மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்பாவையே மூன்று முறை செய்யவைத்தார். "அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க ஐயா. கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணுங்க. எண் ஒரு இடத்துல நிக்கட்டும், அப்புறம் அனுப்புங்க." ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கிளிப்தான் ஆக்சிமீட்டர். விரல் சில்லென்று இருந்தால் அது தப்பாகக் காட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி 2 என்ற கோட்டில் நிற்க வேண்டும் என்று காட்டி, பக்கத்தில் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினார். அந்த டேப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் வெறும் தொல்லை. கருவியில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த எச்சரிக்கை எல்லை அப்பாவுக்குப் பொருந்தவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு 90தான் இருக்கும். அது அலறும், நான் அலறுவேன், அப்பா கிளிப்பைக் கழற்றி மேஜையில் வீசுவார். கண்காணிப்பு மையத்துச் செவிலியர் அக்கா டாக்டரிடம் பேசி எல்லையை மாற்றித் தந்தார். "ஊருக்கெல்லாம் 95க்கு மேல இருக்கணும்மா. உங்க அப்பாவுக்கு 88லேருந்து 92 போதும், அதுக்கு மேல வேண்டாம்." மேலே போனால் நல்லதுதானே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

கேட்காததன் பலன் நாலு மாதம் கழித்து வந்தது. ஒருநாள் இரவு அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சிவப்பு டேப்பைத் தாண்டிக் குண்டை 4க்கு ஏற்றியது நான்தான். சற்று நேரத்தில் 97 காட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா, தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைத்தேன். 10.40க்குப் போன் வந்தது. இரவுப் பணியில் இருந்தவர், அதுவரை கேட்டறியாத குரல்.

"ஐயாவுக்கு 97 காட்டுதே, மெஷினைத் திருப்பினீங்களா?"

நல்ல எண்ணைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? எழுப்பிப் பேசச் சொன்னார். அப்பா தன் பெயரைச் சொல்லவே திணறினார். உடனே டாக்டரையும் இணைப்பில் கொண்டுவந்தார். குழாயைக் கழற்றக் கூடாது, குண்டை 2க்கு இறக்குங்கள், நிமிர்த்தி உட்காரவையுங்கள், தெளியவில்லையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம் என்றார்கள். வீடியோவை அணைக்கவே விடவில்லை. கொஞ்ச நேரத்தில் எண் 91க்கு வந்தது. அப்பா கண்ணைத் திறந்து, "யாருடி இது நடுராத்திரியில?" என்றார். அவர் திட்டியதைக் கேட்டு அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். அப்பாவைப் போன்ற சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும், மயக்கம்போல வரும். ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும் பார்க்கும், மற்றதைப் பார்க்காது. டாக்டர், நீங்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அந்த இரவு பெரிய சம்பவம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றியதென்னவோ சின்னச் சின்ன விஷயங்கள்தான். டேப்லெட்டில் தினமும் வரும் கேள்விகளுக்கு அப்பாவின் ஒரே பதில் "பரவாயில்லை". மூச்சு எப்படி? பரவாயில்லை. சளி? பரவாயில்லை. அக்கா அந்தப் பதிலை நம்பவே மாட்டார். ஒருமுறை மூன்று நாளில் நாடித்துடிப்பு 84லிருந்து 98க்கு ஏறியிருந்தது, ஆக்சிஜன் 90லிருந்து 88. எந்த மணியும் அடிக்கவில்லை. அவராகவே கூப்பிட்டு, "சளி என்ன நிறம், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். பச்சை. அன்றைக்கே மருந்து ஆரம்பித்தோம். முந்தைய வருடம் இதே மாதிரி ஆரம்பித்தது ஒன்பது நாள் வார்டில் முடிந்தது.

அப்புறம் அந்தக் 'கடன்' கணக்கு. ஒருநாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் என்பது டாக்டர் சொன்ன அளவு. யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா வெட்கப்பட்டுக் குழாயைக் கழற்றிவிடுவார். கருவி அதையும் எண்ணி அனுப்பிவிடும். "ஐயா, நேத்து 11தான் ஓடியிருக்கு. எனக்கு நாலு மணி நேரம் கடன்" என்று அக்கா வசூலுக்கு வருவார். தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று ஆரம்பத்தில் கோபப்பட்டவர், பிறகு கடனை அடைக்கத் தொடங்கினார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது என்றே இன்னமும் நினைக்கிறேன். கட்டிலில் படுத்திருப்பதுகூட இன்னொருவர் திரையில் தெரிகிறதென்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு பார்த்தீர்கள், அதனால் விட்டுக்கொடுத்தார்.

வீடியோவிலேயே மூச்சுப்பயிற்சி சொல்லித் தந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கும் நன்றி. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்கை ஊதி அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல மெல்ல விடச் சொன்னீர்கள். அப்பா இப்போது அப்படித்தான் மாடிப்படி ஏறுகிறார். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கும் நன்றி. அப்பாவிடம் பேசுவதைவிட அப்பாவின் எண்களைத்தான் அதிகம் பார்க்கிறான் என்றாலும்.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவருக்கும் அப்பா நன்றி சொல்லச் சொன்னார். டகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர், 2020இல் காலமானவர். 1970களில் இதயம் எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது என்று ஒளியை வைத்து அளக்கப் பார்த்தபோது, நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்ததாம். அந்தத் தொல்லையையே பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வழியைக் கண்டார். பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்படித்தான் வந்தது. இதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து அப்பா கிளிப்பை வீசுவதில்லை.

கடைசியாக, 10.40க்குக் கூப்பிட்டவருக்கு. பதற்றத்தில் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. மறுநாள் மையத்தில் விசாரித்தால், பணி மாறிப் போய்விட்டீர்கள் என்றார்கள். இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு தகவல்: சிவப்பு டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. குண்டும் 2இல்தான் நிற்கிறது. நடுராத்திரியில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார் அப்பா.

அன்புடன்,
அவருடைய மகள்