சேலம் மாவட்ட ஓடைகளில் கைக்கருவியால் மணல் அரித்துக் கனிமம் காண்பதற்குத் தெளிவான விதிமுறை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சேலம், ஏற்காடு, ஓமலூர் வட்டங்களைச் சேர்ந்த நிலவியல் ஆர்வலர்கள், ஆசிரியர்கள் மற்றும் மாணவர்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: புறம்போக்கு ஓடைகளில் பொழுதுபோக்காகவும் கல்விக்காகவும் தட்டில் மணல் அரித்துத் தங்கத்துகளும் பிற கனமான கனிமங்களும் தேடிப் பார்ப்பது, அதற்கு எந்தக் கருவிகள் கூடும், எவை கூடா என்பதை எழுத்துப்பூர்வமாக வரையறுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மழைக்காலம் ஓய்ந்து ஓடைகளில் கணுக்கால் அளவு நீர் தெளிந்து ஓடும் மாதங்களில், சேர்வராயன் மலையடிவாரத்திலும் கஞ்சமலையைச் சுற்றியும் சென்று, பாறைகளைப் பார்த்தும் ஓடை மணலை அரித்தும் இந்த மண்ணின் அமைப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நாங்கள். எங்களுள் எவரும் கனிம வணிகம் செய்பவர் அல்லர். அரித்தெடுத்ததை விற்று வாழ வேண்டிய நிலையிலும் எவரும் இல்லை. ஆயினும் ஒரு தட்டும் சல்லடையும் கையில் இருந்தால் நாங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்களா, மீறியவர்களா என்பதை இன்றுவரை எவராலும் எங்களுக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்பதாலேயே இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

மணல் அரித்தல் என்பது, ஓடை வளைவின் உட்புறத்திலோ பாறை இடுக்கிலோ தங்கிய மணலில் இரண்டொரு கைப்பிடியைத் தட்டில் இட்டு, நீரில் அமிழ்த்தி, முறத்தில் அரிசி கொழிப்பதுபோல் அசைத்து, இலேசான மணலை நீரோடு போகவிடுவது மட்டுமே. படிகக்கல் மணலின் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) ஏறக்குறைய 2.65, மேக்னடைட் எனும் காந்த இரும்புக் கனிமத்தின் ஒப்படர்த்தி 5.2, தங்கத்தினுடையது 19.3 என்பதால், கடைசியில் தட்டில் நிற்பது கனமானவை மட்டுமே. கஞ்சமலை முழுவதும் மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் எனும் படிகக்கல் பாறைப் பட்டைகள் ஓடுவதால், அங்கிருந்து இறங்கும் ஓடைகளில் இந்தக் கரிய மணல் எளிதில் கிடைக்கிறது. சார்னோக்கைட் எனும் கடினப் பாறையும் உச்சியில் பாக்சைட் எனும் அலுமினியத் தாதுவும் கொண்ட சேர்வராயன் மலை, அடிவாரத்தில் வெள்ளைக்கல் எனும் மேக்னசைட் வெட்டப்பட்ட கரடுகள், மேற்கே இரும்புக்கல் மலை என, ஒரு நாள் பயண எல்லைக்குள் இத்தனை வகைப் பாறைகளைக் காணும் வாய்ப்பு எல்லா மாவட்டங்களுக்கும் வாய்த்ததன்று. ஒரு மாணவன் தன் கையால் அரித்தெடுத்த கரிய மணலில் காந்தத்தை வைத்துப் பார்க்கும்போது பெறும் அறிவைப் பாடநூலின் எந்தப் படமும் தந்துவிடாது என்பதைக் கற்பித்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறோம்.

சேலத்து ஓடைகளில் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று நாங்கள் கூறவில்லை. கஞ்சமலையைப் பற்றிய செவிவழிக் கதைகள் பல உண்டு. அவற்றை நம்பி இம்மனு எழுதப்படவில்லை. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதைத் தேடும் செயலே சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டது என்பதுதான் எங்கள் கவலை.

1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 4 ஆம் பிரிவு, உரிமம் இன்றி எவரும் கனிமத் தேடலிலோ சுரங்கப் பணியிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. கனிமப் படிவுகளைத் தேடவும் கண்டறியவும் மெய்ப்பிக்கவும் மேற்கொள்ளப்படும் எந்தச் செயலும் 'தேடல்' என்றே அச்சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. இதில் அளவும் இல்லை, கருவியும் இல்லை. 21 ஆம் பிரிவின்படி இதை மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும், ஹெக்டேருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதே பிரிவின் உட்பிரிவு 4, கனிமம் எடுக்கப் பயன்பட்ட கருவி, உபகரணம், வாகனம் ஆகியவற்றைப் பறிமுதல் செய்ய அதிகாரம் அளிக்கிறது. ஆற்று மணலை இரவோடு இரவாக அள்ளிச் செல்லும் பொக்லைன் இயந்திரத்தைத் தடுப்பதற்கு இவ்வளவு கடுமை தேவைதான். இன்னும் கடுமை வேண்டும் என்றாலும் நாங்கள் வரவேற்போம். ஆனால் அதே சொற்கள் ஒரு பள்ளி மாணவியின் கையிலுள்ள பிளாஸ்டிக் தட்டுக்கும் பொருந்தும்படி இருப்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்று நம்புகிறோம்.

நடைமுறையில் நிலைமை மேலும் குழப்பமானது. ஓர் ஓடையின் ஒரு கரை ஓடைப் புறம்போக்காகவும், மறு கரை பட்டா நிலமாகவும், சற்று மேலே ஏறினால் காப்புக்காடாகவும் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கல்லையும் மண்ணையும் எடுப்பது 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்து, அங்கே நாங்கள் கருவியுடன் நுழைவதில்லை. புறம்போக்கு ஓடையைப் பற்றிக் கேட்டால், ஓர் அலுவலகத்தில் தடையில்லை என்கிறார்கள். மற்றோர் அலுவலகத்தில் சுத்தியல் வைத்திருப்பதே தவறு என்கிறார்கள். களப்பயணம் சென்ற மாணவர்கள் வழியில் நிறுத்தப்பட்டு, சல்லடையையும் சுத்தியலையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. தடுத்த அலுவலரை நாங்கள் குறை கூறவில்லை. அவர் கையிலும் எழுதப்பட்ட வழிகாட்டுதல் எதுவும் இல்லை.

இத்தகைய வரையறை பிற நாடுகளில் உண்டு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேடுபவர் பத்தாண்டு செல்லுபடியாகும் 'மைனர்ஸ் ரைட்' என்னும் உரிமைச் சீட்டைப் பெற வேண்டும்; கைக்கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம், தோண்டிய குழியை மூட வேண்டும். நியூசிலாந்தில் பொதுமக்கள் தங்கம் அரிப்பதற்கென்றே சில ஆற்றுப் பகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கும் கைக்கருவிதான், மோட்டார் கூடாது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் பொது நிலங்களுக்கான விதி, கையால் தட்டில் அரிப்பதையும் மோட்டார் இல்லாத மரவாய்க்காலில் மணலைக் கழுவுவதையும் சிறு பயன்பாடு என்று வகைப்படுத்தி, மண்வாரி இயந்திரம், வேதிப்பொருள், வெடிமருந்து ஆகியவற்றை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. அவ்விதியில் எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று: தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தோன்றும் செயலும், பலர் ஒரே இடத்தில் செய்து சேதம் கூடினால், சிறு பயன்பாடு என்ற சலுகையை இழந்துவிடுகிறது. நம் ஓடைகளின் சிறிய அளவுக்கு இந்தக் கூட்டு விளைவுக் கணக்கு இன்றியமையாதது. படுகையை உறிஞ்சி எடுக்கும் மோட்டார் கருவிகளைக் கலிபோர்னியா மாநிலம் 2009 ஆம் ஆண்டில் நிறுத்தி வைத்ததும் மீன்களையும் நீரின் தூய்மையையும் எண்ணித்தான்.

அச்சங்கள் எங்களுக்கும் உண்டு. தங்கத்தின் விலை ஏறி நிற்கும் இக்காலத்தில், ஓடையில் மினுமினுப்பு கண்டதாக ஒரு காணொளி பரவினாலே கூட்டம் கூடிவிடும். நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதியில் 1880 ஆம் ஆண்டையொட்டி எழுந்த தங்க வேட்டை ஒரு சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது. ஆனால் கைவிடப்பட்ட அந்தக் குழிகளில் இறங்கித் தங்கம் தேடியவர்கள் உயிரிழந்த செய்திகளைப் பின்னாளிலும் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். பாதரசம் கொண்டு தங்கத்தைப் பிரிக்கும் முறை எங்கேனும் தொடங்கிவிட்டால், சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாற்றில் கலக்கும் நீர் காவிரி வரை அந்த நஞ்சைச் சுமந்து செல்லும். கரையைக் குடைந்தால் வேர் தளர்ந்து மரம் சாயும். மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஊற்றுகளை எவரும் கலக்கிவிடக் கூடாது. எனவே விதி வேண்டும் என்று கேட்கும் நாங்கள், விதி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

தங்கம் பெருங்கனிமம் (மணல், கல் போன்ற சிறுகனிமம் அல்லாதது) என்பதால் அதற்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இல்லை என்பதை அறிவோம். எனினும் 4 ஆம் பிரிவின் காப்புரையில் (விதிவிலக்குக் கூறும் பகுதியில்), இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை முதலியவற்றோடு மாநில அரசுகளின் புவியியல் மற்றும் சுரங்கத் துறைகள் மேற்கொள்ளும் தேடல் பணிக்கும் உரிமம் தேவையில்லை என்று கூறப்பட்டுள்ளது. ஆகவே, அத்துறையின் மாவட்ட அலுவலகமே முன்னின்று, புறம்போக்கு ஓடை ஒன்றில் குறிப்பிட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்து, தை, மாசி மாதங்களில் தன் அலுவலரின் நேரடி மேற்பார்வையில் கனமணல் அரிக்கும் பயிற்சி முகாம் நடத்துவதற்குச் சட்டத்திலேயே இடமிருப்பதாகக் கருதுகிறோம். தாங்கள் இதை ஆராய்ந்து ஆணையிட வேண்டுகிறோம். எங்கள் கோரிக்கைகளில் இதுவே முதன்மையானது. இடத்தைத் தேர்வு செய்யும் முன் அந்த ஊர் கிராம சபையின் இசைவு பெறப்பட வேண்டும்.

அம்முகாமுக்கும், அதன்வழி உருவாகும் நிரந்தர நெறிமுறைக்கும் கருவி வரையறையையும் முன்மொழிகிறோம். அரிப்புத் தட்டு, சல்லடை, கொத்துக்கரண்டி, பாறைச் சுத்தியல், காந்தம், உருப்பெருக்கி ஆகியவை கூடும். கடப்பாரை, நீர் இறைக்கும் மோட்டார், உறிஞ்சுகுழாய்க் கருவி, எவ்வகை இயந்திரமும், பாதரசம், சயனைடு, அமிலம் ஆகியவை அறவே கூடா. மண்வெட்டியைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. கரையை வெட்டும் ஆசையை அது தூண்டும் என்பதால் அதையும் விலக்குவதே நல்லது என்று முடிவு செய்தோம். உலோகங்காட்டும் கருவி தொல்பொருள் உள்ள இடங்களில் தீங்கு விளைவிக்கும் என்பதால் அதுவும் வேண்டாம். நீர் ஓடும் படுகையில் மேலோட்டமாகக் கிடக்கும் மணலை மட்டுமே தொட வேண்டும். அரித்த மணல் அதே இடத்தில் திரும்ப விடப்பட வேண்டும். ஒரு சிட்டிகைக் கரிய மணலைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மாதிரியாக எடுத்துச் செல்லலாம். தங்கத்துகள் தென்பட்டால் அது அரசின் உடைமை. அதை மேற்பார்வை அலுவலரிடம் ஒப்படைப்போம்.

இந்நெறிமுறை ஏற்கப்படும் வரை, ஓடையைப் பார்வையிடவும் படம் எடுக்கவும் மட்டும் செல்லும் மாணவர்களைக் கல்லூரிக் கடிதம் கொண்டு அடையாளம் காணுமாறு வட்டாட்சியர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கோருகிறோம். சிறு அளவிலான கைத்தேடலுக்குத் தனி வகைப்பாடு உருவாக்க வேண்டும் என்ற எங்கள் கருத்தைத் தங்கள் பரிந்துரையுடன் புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆணையருக்கும், அவர் வழியாக ஒன்றிய சுரங்க அமைச்சகத்துக்கும் அனுப்பி வைக்கவும் வேண்டுகிறோம்.

தாங்கள் நாள் குறித்தால், சேகரித்து வைத்துள்ள மணல் படங்களையும் மேற்கண்ட அயல்நாட்டு விதிகளின் தமிழ்ச் சுருக்கத்தையும் நேரில் கொண்டுவந்து விளக்கக் காத்திருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: சேலம்