எங்கள் அம்மாக்களின் குரலைக் காமெடி ஆக்காதீர்கள்

வடசென்னையைக் களமாக வைத்துப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அந்தப் படங்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் காசிமேட்டுப் பெண். எங்கள் அம்மா மீன் விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. குறுகலான சந்து, தண்ணீர் லாரி, குடத்தோடு முண்டியடிக்கும் பெண்கள். ஒருத்தி வாயைத் திறந்ததும் தியேட்டரில் சிரிப்பு. அதற்குள் ஹீரோ வந்துவிடுகிறான், கேமரா அவன் பின்னால் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் பெண்கள் ஒப்பாரி வைக்கத்தான் வருவார்கள்.

அந்தச் சத்தமான குரல் எங்கிருந்து வந்தது தெரியுமா? விடியற்காலை மூன்று மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும். ஐஸ் உடைக்கிற சத்தம், படகு இன்ஜின், லாரி ஹாரன், அத்தனைக்கும் மேலே தன் விலை கேட்க வேண்டும். குரல் எழும்பாதவளுக்கு மீன் கிடையாது. அம்மா இடது கையால் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் சட்டென்று விலையைக் குறைத்துக் கேட்பார். சாயங்காலம் வட்டிக்குக் கடன் கொடுத்த தண்டல்காரருக்குக் கட்ட வேண்டியது, ஐஸ் காசு, ஆட்டோ காசு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மனக்கணக்காக ஓடும். நீங்கள் ‘வாயாடி’ என்று எழுதுவது இவரைத்தான்.

சினிமா மட்டும் இப்படிச் செய்கிறது என்று சொல்லமாட்டேன். அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 140ஆம் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உப்பு விற்கும் ஒரு பெண் வளையல் ஒலிக்கக் கையை வீசிக்கொண்டு, ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று சேரிக்குள் விலை கூறி வருகிறாள். நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு. அப்படியே எங்கள் தெருவில் கேட்கிற குரல்! ஆனால் பாட்டு அங்கே நிற்பதில்லை. அறியாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள், மிரண்ட கண்கள் சண்டை போடும் கயல் மீன்கள் போல இருக்கின்றன. அந்தக் கண்ணைப் பார்த்தவனுக்குக் காதல் நோய். அழகான பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் குரலில் தொடங்கியது கண்ணுக்குப் போய், கண்ணிலிருந்து ஆணின் நெஞ்சுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு உப்பு விற்றது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்கத் தோன்றுகிறது.

தமிழ் இலக்கியத்தில் பெண் எப்படி எழுதப்பட்டாள் என்று எழுத்தாளர் அம்பை 1984-லேயே ஆராய்ந்து நூல் எழுதிவிட்டார். நாம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறோம்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் பொய். 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் மாரியம்மா முதலிரவில் போட்ட ஆட்டத்தை எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நாணிக் கோணாத ஒரு பெண், எங்களில் ஒருத்தி. ஆனாலும் அவளுடைய கோபமும் அழுகையும் கணவன் கபிலன் என்ன ஆவான் என்பதையே சுற்றுகின்றன. 2018-ல் வந்த ‘வடசென்னை’யின் சந்திராவுக்கு எத்தனை கூர்மையான மூளை! அது முழுக்கக் கொல்லப்பட்ட கணவனுக்காகப் பழி வாங்கவே செலவாகிறது. அவளுக்கென்று ஒரு ஆசை இருந்ததா? அந்தப் பெண் இன்னும் என் மனதில் கேள்வியாகவே இருக்கிறாள்.

மீன்பிடித் தடைக்காலத்தை யாராவது ஒரு பெண்ணின் கதையாக எழுதுங்களேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் சின்ன வயதில் அது 45 நாளாக இருந்தது. அப்பா வலையைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சின்னப் படகுக்காரர்களிடம் நெத்தியும் கவளையும் வாங்கி விற்பார், கருவாட்டு மூட்டையை எடுப்பார், கம்மலை அடகுக்கடையில் வைப்பார். தடை முடிந்து முதல் படகு வரும்போது மாலை போட்டு ஊரே கூடும். கம்மலை மீட்க அவருக்குத் தீபாவளி வரை ஆகும். கத்தி, ரத்தம் எதுவும் வேண்டாம், இதிலேயே இரண்டரை மணி நேரப் படம் இருக்கிறது.

லொகேஷன் பார்க்க வரும்போது மத்தியானம் வராதீர்கள். மூன்று மணிக்கு வாருங்கள், ஏலக்காரருக்குப் பின்னால் நிற்காமல் கூடைக்காரிகள் பக்கம் நில்லுங்கள். விடிவதற்குள் பாதி ஏலம் முடிந்துவிடும்.