இடுப்பில் கட்டிய மிதவை

கப்பல் பயிற்சி நிலையங்களில் உயிர்காப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கடலோடி அல்ல. பழைய போர்க்கப்பல்களைப் பற்றித் தேடிப் படிப்பவன். மாணவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டக் கற்றுத்தரும் நாளில், எல்எஸ்டி-507 என்ற அமெரிக்கத் தரையிறக்கக் கப்பலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எல்எஸ்டி என்றால் முகப்புக் கதவைத் திறந்து டாங்கிகளை நேரே கரையில் இறக்கும் கப்பல். சுமார் 100 மீட்டர் நீளம், தட்டையான அடிப்பகுதி, ஆமை வேகம். ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று மாலுமிகளே கேலி செய்வார்கள். 507 கடற்படையில் சேர்ந்தது 1944 ஜனவரியில். ஏப்ரல் 28 அதிகாலையில் மூழ்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையை அது பார்க்கவே இல்லை.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், நார்மண்டித் தரையிறக்கத்துக்கான ஒத்திகை. எட்டு எல்எஸ்டிகள் வரிசையாகப் போகின்றன. காவலுக்கு வரவேண்டிய இரண்டு கப்பல்களில் ஒன்று மோதலில் சேதமாகித் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. மிஞ்சிய காவல் கப்பலான அஸேலியாவும் எல்எஸ்டிகளும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் இருந்தன. ஜெர்மானிய டார்பிடோ படகுகள் இரண்டு மணி அளவில் 507-ஐத் தாக்கின. மின்சாரம் போனது. உள்ளே வண்டிகளின் எரிபொருள் தொட்டிகளில் பெட்ரோல், தீ பரவியது. அடுத்து தாக்கப்பட்ட 531 சில நிமிடங்களில் மூழ்கியது.

இனிதான் உங்கள் பாடம். வீரர்களிடம் காற்றடைத்து மிதக்கும் பெல்ட் இருந்தது. அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டியது அது. முதுகில் மூட்டை இருந்ததால் பலர் இடுப்பில் கட்டியிருந்தார்கள். சரியாகக் கட்ட அவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவும் இல்லை. பெல்ட் இடுப்பைத் தூக்க, மேல்பாரம் தலையைக் கீழே தள்ளியது. விடிந்தபோது, தலைகீழாக மிதந்த உடல்களின் கால்கள்தான் தெரிந்தன. குளிரில் விறைத்து இறந்தவர்களும் ஏராளம். அந்த ஒத்திகையில் இறந்தவர்கள் 749 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எட்டில் ஒன்றான எல்எஸ்டி-515 தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றத் திரும்பி வந்திருக்காவிட்டால் அது இன்னும் கூடியிருக்கும்.

பிழைத்தவர்களை வாய் திறக்கக் கூடாது என்றார்கள். தரையிறக்கத் திட்டம் தெரிந்த பத்து அதிகாரிகளின் உடல்கள் கிடைக்கும்வரை, அவர்கள் எதிரியிடம் சிக்கிவிட்டார்களோ என்று மேலிடத்துக்கு நிம்மதி இல்லை. பெல்ட் கட்டும் பயிற்சி அதன்பிறகுதான் கடுமையானது.

நம்மூர்ப் படகுச் சவாரியிலும் பார்க்கிறேன்: ஜாக்கெட்டைத் தோளில் மாட்டி, பட்டையைத் தொங்கவிட்டுச் செல்ஃபி எடுப்பார்கள். அவர்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லைதான்.

வகுப்பில் ஒன்று செய்யுங்கள். ஆள் எடையுள்ள பொம்மை ஒன்றுக்கு முதுகில் மூட்டை மாட்டி, பெல்ட்டை இடுப்பில் கட்டி நீச்சல் குளத்தில் போடுங்கள். பிறகு அதே பெல்ட்டை அக்குளுக்கு ஏற்றிக் கட்டி, இன்னொரு முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்