எந்தச் சங்கிலி?

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ கதைத்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எங்கள் காணி யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்தது என்று அப்பாச்சி சொன்னதை எங்கள் குடும்பக் கதையில் அப்படியே எழுதப்போகிறேன் என்றாய். சரி, எந்தச் சங்கிலி? 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொல்வித்தவன் ஒருவன், 1619இல் பறங்கியரான போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டவன் இன்னொருவன், இடையில் 75 வருசம். யாழ்ப்பாணத்து அரசர்களின் கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய நூல் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அதை எழுதிய மயில்வாகனப் புலவரைக் குறை சொல்லவில்லை, அவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக, எல்லாம் நடந்து நூறு வருசத்துக்குப் பிறகு, கைலாயமாலை, வையாபாடல் என்று கையில் கிடைத்த பழைய நூல்களை வைத்து எழுதியவர். போர்த்துக்கேயர் எழுதியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டு பேர் என்பது பிடிபட்டது. அதற்காகப் பறங்கி எழுதியதெல்லாம் வேதவாக்கில்லை. நாட்டைப் பிடித்தவன் பழைய அரசனை நல்லவன் என்று எழுதுவானோ?

பேந்து றங்குப்பெட்டியைக் கிளறி எங்கள் காணியின் 1931ஆம் ஆண்டு உறுதிப்பத்திரத்தை எடுத்தேன், ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருக்கிறது. பூட்டனார் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் அதில் இருக்கிறது. விலையை மட்டும் நம்பாதே, முத்திரைச் செலவுக்குப் பயந்து குறைத்து எழுதுவிப்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் மேற்கு எல்லை 'குளம்' என்று கிடக்கிறது பார், அதை வாசித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். இப்போது அங்கே நாலு வீடு. குளத்தின் கதையைச் சொல்ல வேண்டுமென்று உறுதி எழுதிய நொத்தாரிசு நினைக்கவேயில்லை, எல்லைக்காக எழுதினார், அதனால்தான் அதை நான் நம்புகிறேன். மாரியில் அந்தப் பக்கம் முழங்காலளவு வெள்ளம் ஏன் நிற்கிறது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது.

அப்பாச்சி பொய் சொன்னவ இல்லை. ஆனால் அந்தக் கதையை எப்போது எடுப்பா தெரியுமோ, பக்கத்து வளவோடு வேலிச்சண்டை வரும்போது! அதையும் சேர்த்து எழுது.

ஒல்லாந்தர் எழுதிய காணித் தோம்பு, அதுதான் காணிப் பதிவேடு, பற்றிக் கேட்டாயே, உறுதியில் உள்ள காணிப் பெயரைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அந்தப் பெயரை வைத்துத் தேடு. அதற்கு முதல் ஸ்காபரோவில் இருக்கிற பெரிய மாமியிடம் போய், சின்னனில் எங்கே குளித்தீர்கள், மாடு எங்கே தண்ணி குடித்தது என்று கேள், போனில் பதிந்து வை. சங்கிலியின் பெயரை மட்டும் எடுக்காதே, எடுத்தால் அப்பாச்சியின் கதையைத்தான் அவவும் திருப்பிச் சொல்லுவா.

அப்பா