மெத்தைக்கு அடியில் ஒரு கையுறை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் விளையாட்டுக் கதைகள் பற்றிய கட்டுரை படித்தேன். நியூஜெர்சியில் பேத்திக்குப் பேஸ்பால் நாவல்கள் வாசித்துக் காட்டும் தாத்தா நான். பாதிக் கதைகளில் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து நாயகன் ஜெயித்துவிடுகிறான், சலிப்புதான். பந்து பிடிக்கும் புதுத் தோல் கையுறை பதமாகட்டும் என்று எண்ணெய் தடவி, நடுவே பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கப் போகும் பிள்ளை வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறாள். (எங்கள் வீட்டு மெத்தையும் இப்போது மேடு.)

1939இல் பிறந்த சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக், 1974இல்தான் பெண் பிள்ளைகளுக்கு இடம் தந்தது. இதே மாநிலத்தின் ஹோபோகனில், 1972இல் பெண் என்பதால் மூன்றே ஆட்டங்களோடு அணியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி மரியா பெப்பேக்காக நடந்த வழக்குதான் கதவைத் திறந்தது. சொன்னதும், "அது எந்தப் புத்தகத்துல இருக்கு தாத்தா?" என்கிறாள். தமிழில் யாராவது எழுதுங்களேன்.

ஒரு வாசகர்,
நியூஜெர்சி